எதுவும் ஒட்டாது

"இந்தக் கம்ப்யூட்டருங்க குளிச்சு ரெண்டு வருஷம் ஆச்சாம்மா?"

தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த தொழில்நுட்ப அதிகாரி, நூலக மாடியிலிருந்த கணினி அறையில் முதல் திரையை விரலால் தட்டிக் காட்டினார். கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் ஏறிய தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது. பன்னிரண்டு கணினிகளிலும் அதே தேதி.

அறைப் பொறுப்பாளர் மேசை டிராயரிலிருந்து தன் பதிவு நோட்டை அவசரமாக எடுத்தாள். அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதை நீட்டிப்பதும், அவளை வீட்டுக்கு அனுப்புவதும் இந்த மனிதர் எழுதப்போகும் அறிக்கையில் இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை தவறாம போடறேன் சார்," என்று நோட்டை நீட்டினாள். "எல்லாரும் கிளம்பினப்புறம் உட்கார்ந்து பன்னிரண்டுக்கும் போட்டுட்டுத்தான் வீட்டுக்கே போவேன். 'என்ன, உன் பிள்ளைங்க பன்னிரண்டும் தூங்கிடுச்சா'ன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்."

அதிகாரி நோட்டைப் புரட்டினார். நூறு வெள்ளிக்கிழமைகள், நூறு கையெழுத்துகள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் ஃப்ரீஸ் பண்ணி வச்ச மெஷின். ஊர்ல இருக்கறவன் எல்லாம் வந்து உட்கார்ற இடம். ஒருத்தன் கேம் ஏத்துவான், ஒருத்தன் வைரஸ் விட்டுட்டுப் போவான். ஒரு தடவை அணைச்சுப் போட்டா எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுட்டு, ஃப்ரீஸ் பண்ண அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆயிடும். எதுவும் ஒட்டாது. நீங்க போட்ட அப்டேட்டும் சேர்த்துத்தான்."

"அப்போ நூறு வாரமா நான்..."

"ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தியிருக்கீங்க. கையெழுத்தும் போட்டு."

வாராவாரம் அதே பதினேழு அப்டேட்டுகள்தானே வருகின்றன என்று சந்தேகப்பட்டு மூன்று கடிதம் எழுதியவள் அவள். 'தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது, தொடர்ந்து செய்யவும்' என்று தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பதிலும் வந்தது. அவளும் தொடர்ந்து செய்தாள்.

அதிகாரி கணினி கணினியாகப் போய், தனக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு அடித்து, ஃப்ரீஸை எடுத்துவிட்டார்.

"இப்ப ஏறும் பாருங்க. ஏறி முடிச்சதும் மறுபடி பூட்டிடறேன். அதுக்குள்ள ரிப்போர்ட்டை முடிச்சுடலாம். முதல் கம்ப்யூட்டர்லயே உட்காருங்க, நான் சொல்லச் சொல்ல அடிங்க. அஞ்சு மணிக்குள்ள லைப்ரரி மெயில்ல இருந்து இயக்குநருக்கு அனுப்பிடணும். அதுக்கும் நான் பக்கத்துல நிக்கணும்னு எதிர்பார்க்காதீங்க."

தன் சீட்டைக் கிழிக்கிற அறிக்கையைத் தானே தட்டச்சு செய்யும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது. அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

"'இந்த அலட்சியத்துக்குக் காரணமானவர் கணினியைத் தொடவே தகுதியற்றவர். உடனே பொறுப்பிலிருந்து நீக்கப்பட வேண்டும்.' ஆச்சா? கீழே 'அவர் பெயர்'னு போட்டு, உங்க பேரை..."

"சார்." அவள் விரல்கள் நின்றன. "பாஸ்வேர்டு என்கிட்ட இல்ல. ஃப்ரீஸ்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். வாரத்துல ஒரு மணி நேரம், அப்டேட்டுக்கு மட்டும் தானா திறக்கற மாதிரி, பூட்டினவங்கதானே வச்சிருக்கணும்? அப்படி வைக்க முடியாதா சார்?"

"ஏன் முடியாது? ரெண்டே ரெண்டு டிக் போட்டா போதும். அதைக்கூடப் போடாம பூட்டினவன் அடிமுட்டாள்." அதிகாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரே பயணத்தில் இரண்டு பேரை ஒழித்துக்கட்ட வாய்ப்பு வந்தால் யார்தான் விடுவார்கள்? "நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல அவன் பேர், அப்புறம் உங்க பேர். எந்த மகானுபாவன்னு செட்டிங்ஸ்லயே இருக்கும், பார்த்துடலாம்."

பக்கத்துக் கணினியில் செட்டிங்ஸைத் திறந்தார். 'ஃப்ரீஸ் செய்தவர்' என்ற இடத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். அவளும் எட்டிப் பார்த்தாள். இனிஷியல், பெயர், பதவி, ஒன்றும் விடுபடவில்லை. எல்லாம் அவருடையதுதான்.

"நாப்பது லைப்ரரியையும் ஒரே நாள்ல பூட்டச் சொன்னாங்க..." என்று அதிகாரி கணினியிடமே முனகினார்.

"நீங்க சொன்ன முதல் பேரை அடிச்சுட்டேன் சார்," என்றாள் அவள் மெல்ல. "சேவும் பண்ணிட்டேன்."

"எதுல?"

"இதுலயேதான் சார், டெஸ்க்டாப்ல."

அதிகாரியின் முகத்தில் உயிர் திரும்பியது. "அடடா, ஹேங் ஆன மாதிரி தெரியுதே," என்று அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியை ரீஸ்டார்ட் செய்தார். "போச்சு. பரவாயில்லம்மா, நான் ஆபீஸ் போய்ப் புதுசா எழுதிக்கறேன். ஒரே ஒரு பேர் போதும், உங்க பேர். வரட்டுமா?"

பையை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டார். வேலை போனது போனதுதான் என்று அவள் கைப்பையைத் தேடினாள்.

திரை மறுபடி உயிர் பெற்றது. பதினேழு அப்டேட்டுகளும் ஏறிவிட்டன என்று காட்டியது. பக்கத்திலேயே, ஓர் எழுத்துக்கூட உதிராமல், அறிக்கை. ஃப்ரீஸைத்தான் அதிகாரி தன் கையாலேயே எடுத்துவிட்டிருந்தாரே.

மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. மேலதிகாரி சொன்ன வேலையை நேரம் தவறிச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை; இயக்குநருக்கு அனுப்பிவிட்டு, நோட்டில் கையெழுத்தும் போட்டாள்.