மூன்றாம் ஓலை

“இந்தக் கல்யாணத்த எப்பிடியாவது நிறுத்திடுங்க சாமி” என்றாள் அந்த அம்மாள், பட்டுப்புடவைக் கடைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

ஜோசப் ஆனந்த் சாமியாருக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி கசந்தது. அஞ்சலிக்கும் பிரான்சுவாவுக்கும் நடக்கப்போகிற கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலையை, அதாவது கடைசி அறிவிப்பை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இப்போதுதான் வாசித்துவிட்டு வந்திருந்தார். ‘தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்று வழக்கம்போல முடித்தார். யாராவது நிஜமாகவே வந்து நிற்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

அவர் சுனாமிக்கு மறுவருஷம் உப்பளம் பங்குக்கு மாற்றலாகி வந்தவர். அஞ்சலி இந்தப் பங்குப் பெண், ஞாயிறு தவறாமல் பாட்டுக் குழுவில் நிற்கிறவள். மாப்பிள்ளை லாஸ்பேட்டைக்காரன், பாரீசில் வேலை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையும் சாமியாருக்குப் பழக்கமில்லை.

ஓலை வாசித்தால் ஊர் வாயும் திறந்துகொள்ளும் என்று மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். சம்பந்தம் பேசி நடக்காமல் போனவர்களுக்கெல்லாம் அந்த மூன்று வாரத்தில்தான் மனசாட்சி முளைக்கும்.

“உங்க பொண்ணுக்கு அந்த மாப்பிள்ளையக் கேட்டிருந்தீங்களோ?”

“எனக்குப் பொண்ணே கெடையாது சாமி.”

“பின்ன என்ன தடை? சொல்லுங்க.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “அந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. அங்க ஒரு வெள்ளக்காரியோட, ரிஜிஸ்டர் கல்யாணம். கொழந்தகூட இருக்கு.”

“யாரு சொன்னது உங்களுக்கு?”

“பையன் லீவுல வந்த மறுநாளே வீட்டுக்குப் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். கொழந்த ‘பப்பா, பப்பா’ன்னு கூப்புடுது சாமி.”

“ஓகோ. நீங்க அந்த வீட்டுலதான் வேலை செய்யறீங்களா?”

“அந்த வீட்டு வேல எல்லாம் நான்தான் பாக்குறேன்” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

வேலைக்காரம்மாவுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் என்ன மனஸ்தாபமோ என்று சாமியாருக்குத் தோன்றியது. ஆனால் அந்த அழுகை பொய்யழுகை மாதிரி தெரியவில்லை. தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி அல்லவா அழுகிறாள்!

“அங்க பொண்டாட்டி இருக்கறவன் எதுக்கும்மா இங்க வந்து இன்னொண்ணு கட்டப் போறான்?”

“அவங்க அம்மாவுக்காகத்தான். புருஷன் போனதுலேருந்து ஒண்டியா இருக்காங்க. முட்டி வலி வேற. ‘ஒரு மருமகளக் கொண்டாந்து விடுடா’ன்னு போன் பண்றப்பல்லாம் நச்சரிச்சாங்க. அஞ்சலியக் கட்டி இங்க விட்டுட்டு, விசா வரல, விசா வரலன்னே காலத்த ஓட்டிடலாம்னு பாக்குறான்.”

“இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியுமா?”

“மொத ஓலைக்கு முன்னாடியே தெரியும். கேட்டதுக்குப் பையனே ஒத்துக்கிட்டான். தெரிஞ்சும் வாயத் தொறக்கல சாமி. நமக்கு ஒரு தொண கெடைக்குதேன்னு இருந்துட்டாங்க.”

சாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊரான் வீட்டுப் பொண்ணு எப்பிடிப் போனா என்ன, தனக்குக் கஞ்சி வைக்க ஒரு ஆள் வேணும்! அதெல்லாம் ஒரு பொம்பளையா?”

கன்னத்தில் அறைந்ததுபோல அவள் தலை இன்னும் குனிந்தது.

“சரி, மூணு ஓலையும் படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க மட்டும் ஏன் சும்மா இருந்தீங்க?”

“பயம் சாமி. தூக்கி வளத்த புள்ள. நான் இங்க வந்தது தெரிஞ்சா இனிமே என் மொகத்துலயே முழிக்க மாட்டான்.”

“இன்னிக்கு மட்டும் எங்கேருந்து தைரியம் வந்துச்சு?”

அவள் மடியிலிருந்த பையைத் தடவினாள். “நேத்து இந்தப் புடவ எடுக்கப் போயிருந்தோம். அஞ்சலியும் வந்துச்சு. பிரெஞ்சு கிளாசுக்குப் போவுதாம். பாரீசுல போய்ப் பேசணுமேன்னு, புடவ பிரிச்சுப் போட்டவர்கிட்டகூட ‘மெர்சி, மெர்சி’ன்னு நன்றி சொல்லிப் பழகுது. எனக்கு அங்கேயே செத்துடலாம்போல இருந்துச்சு சாமி.”

மண்டபம் பிடித்தாயிற்று, பேண்டு சொல்லியாயிற்று, கேக்குகூட இரண்டடுக்கு என்று அஞ்சலியின் அப்பா வாயெல்லாம் பல்லாகச் சொன்னது சாமியாருக்கு நினைவுக்கு வந்தது. வீட்டு வேலை செய்கிறவள் சொன்னாள் என்று இதை நிறுத்த முடியுமா? பையன் இல்லவே இல்லை என்று சாதித்தால், பேர் கெடப்போவது பெண்ணுக்குத்தான்.

“உங்க பேச்ச மட்டும் நம்பி நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மாப்பிள்ளையோட அம்மா, அந்த ஞானமேரி, அவங்களே என் முன்னால வந்து சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நிறுத்திடறேன். ஆனா பெத்த புள்ளைக்கு எதிரா அவங்க எங்க வரப் போறாங்க!”

அந்த அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். பையிலிருந்து அஞ்சலிக்கென்று எடுத்த கல்யாணப் புடவையை வெளியே எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள்.

“வந்துட்டேன் சாமி.”