‘சண்டு’ என்றொரு ஃபோல்டர்

கல்யாணத் தகவல் மையத்தில், மகளின் வரன் விஷயமாக மிளகாய் வத்தல் வியாபாரி பாண்டியராஜன் உட்கார்ந்திருக்கிறார். "பதினாலு ஃபோல்டர், ரெண்டாயிரத்து நூத்தேழு ஃபைல் அண்ணாச்சி! கோவில்பட்டியில வேற எவன்ட்ட இருக்கு?" என்று புரோக்கர் கோபாலசாமி மவுஸைத் தட்டுகிறான். சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று ஃபோல்டர்கள் வரிசையாக இறங்குகின்றன. கடைசியில் ‘சண்டு’. நிறம் வெளுத்துக் கழித்துப்போட்ட வத்தல் மூட்டையில் பாண்டியராஜன் தன் கையால் எழுதுகிற பெயர் அது. அதைத் திறந்ததும் போட்டோவில் அவர் மகள் முத்துச்செல்வி சிரிக்கிறாள். "பிள்ளைக்கு முப்பது தாண்டிட்டுல்லா, அதான் இங்கன போட்டேன்" என்று வடை எண்ணெய் வழியும் விரலால் அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறான். திரையில் பிசுக்கு மினுங்குகிறது. பாண்டியராஜன் தோள் துண்டால் அதைத் துடைக்கிறார். "ஏலே, என் மகளை அதுல இருந்து எடுத்துரு." கோபாலசாமியின் முகம் நிஜமாகவே வாடிப்போகிறது. "எடுத்தா எண்ணிக்கையில ஒண்ணு குறையுமே அண்ணாச்சி!"