பிழைக்கு இரண்டு பெயர்

மருந்து ஏற்றும் கருவி பதினோரு நிமிடம் நின்றுவிட்டது. நோயாளி பிழைத்தார். பொத்தான்களைத் தாறுமாறாக அழுத்தினாள் என்று நர்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தவறு அவளுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தவர், கருவி செய்யும் கம்பெனியில் எல்லோரும் மீசை என்று கூப்பிடும் இன்ஜினீயர். கருவிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை இருபது வருடத்துக்கு முன்பு தனி ஆளாக எழுதியவர்.

இப்போது அதைப் புது நிரல்மொழியில் அடியிலிருந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு வரியையும் கணக்குப்போட்டு நிரூபிக்கச் சொல்லும் மென்பொருள் ஒன்றும் கூட உண்டு. அதைக் கவனிப்பவள் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். இங்கேயும் அவள் பெயர் டீச்சர்தான்.

மீசையின் வடிவமைப்பில் ஒரு பகுதியை மென்பொருள் மூன்று வாரமாக ஏற்கவில்லை.

"இருபது வருஷம் ஓடின குதிரைம்மா. சரின்னு போட்டுட்டுத் தாண்டிப் போ."

"நான் போட்டாலும் இது போடாது சார்."

"என்னை மட்டம் தட்டன்னே உட்கார்ந்திருக்கியா?"

டீச்சர் திரையைத் திருப்பினாள்.

அலாரத்தை அடக்கும் பொத்தானையும் 'தொடர்' பொத்தானையும் ஒரே நொடியில் அழுத்தினால், கருவிக்குள் ஓடும் ஒரு வேலை திரையைப் பிடித்துக்கொண்டு மோட்டாருக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று மோட்டாரைப் பிடித்துக்கொண்டு திரைக்குக் காத்திருக்கிறது. இரண்டும் விடாததால் கருவி நின்றுவிடுகிறது.

"நீங்க முதல்லன்னு வாசலை அடைச்சு நிக்கிற சம்பந்திங்க மாதிரி."

மீசை சிரிக்கவில்லை. நர்ஸ் அழுத்தியதும் அதே இரண்டு பொத்தான் என்றாள் டீச்சர்.

திருத்தம் பத்தே வரி. மென்பொருள் பச்சை காட்டியது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "புதுசு சரியாயிடுச்சுல்ல? பழசைப் பத்திப் பேச்சு எதுக்கு?"

அந்த அறையில் ஒரு வழக்கம். எந்தத் திருத்தத்துக்கும் மேலே இரண்டு பெயர் எழுத வேண்டும். பிழை செய்தவர், பிழையைக் கண்டவர். அதைக் கொண்டுவந்தவரே மீசைதான்.

"வழியை விடுய்யா" என்று மேனேஜரை விலக்கிவிட்டு மீசை உட்கார்ந்தார். முதல் வரியில், பிழை செய்தவர் என்று தன் பெயரைத் தட்டினார். ஆஸ்பத்திரிக்கும் எழுதினார்: தவறு நர்ஸுடையது அல்ல, என்னுடையது. அனுப்பியதும் முதுகு நிமிர்ந்தது.

"இனிமே இது நிக்காது. கணக்கே சொல்லுது. கண்டவர் நீதான், பெருமையாவே போடுறேன்."

"வேண்டாம் சார். ஏத்துக்க முடியாதுன்னு மட்டும்தான் இந்த மென்பொருள் சொல்லிச்சு. எங்கேன்னு சொன்னது வேற ஆள்."

மேசை இழுப்பறையிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். எந்த நொடியில் எந்தப் பொத்தான் என்று வரிசையாகக் கையால் எழுதியிருந்தது; கீழே ஆறாம் வார்டு முத்திரை. 'உபயோகமில்லை' என்று மேலே கிறுக்கியிருந்தது மீசையின் பேனா.

"நீங்க படிச்சிருக்க மாட்டீங்க சார். குப்பைக்கூடையிலதான் கிடந்தது."

மீசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டாவது வரியைத் தட்டினார்.

பிழையைக் கண்டவர்: ஆறாம் வார்டு நர்ஸ்.