விசிலுக்குப் பிறகு

"அண்ணா, இன்னொரு தடவை ஓட்டுங்களேன்" என்றாள் கேப்டன்.

கிளப்பின் கம்ப்யூட்டர் பொறியாளருக்குத் தலை சுற்றியது. இந்த ஆண்டு கோப்பை வென்ற பெண்கள் கால்பந்து அணியையும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வென்ற அணியையும், பழைய வீடியோக்களை வைத்துத் திரையில் மோதவிட்டவர் அவர்தான். விளையாட்டாக ஆரம்பித்தது, காலையிலிருந்து அவரை எழுந்திருக்கவே விடவில்லை.

"உங்க டீம்தானே ஜெயிச்சுது? அப்புறம் என்ன?"

"அந்தப் பழைய டீம் கோல்கீப்பரைக் கிட்டத்துல காட்டுங்க."

"நீ அடிச்சதையெல்லாம் பிடிச்சுட்டாங்கன்னு கோபமா? இது வெறும் பொம்மை ஆட்டம்மா."

"கோபம் இல்லண்ணா. ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு டீமும் கைகுலுக்குவாங்கல்ல, அது ஏன் வரல?"

"விசிலோட நின்னுடும். அதுக்கு மேல யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

அவர் எரிச்சலோடு திரும்பினார். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"அது எங்கம்மாண்ணா. என்னைப் பெத்த அன்னிக்கே போயிட்டாங்க. அவங்க கை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இல்லாத அந்தக் காட்சியை உருவாக்க உட்கார்ந்தார்.

சற்று நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்.

"கைகுலுக்கினா மட்டும் போதுமாம்மா?"