இந்த வீட்டில் இருபது

"ரெண்டு கூட்டல் மூணு பெருக்கல் நாலு. எவ்வளவு?"

மாமனார் கேட்டதும் மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. கல்யாணமாகி முதல் தடவையா மாமனார் வீட்டுல தங்க வந்திருக்கான். வேலையோ கால்குலேட்டர் விக்கிற கம்பெனியில. விடுவானா?

"பதினாலு மாமா!"

கூடத்துல சுத்தி உக்காந்திருந்த எல்லாரும் அவனையே திரும்பிப் பாத்தாங்க.

"தப்பு. ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சுநாலு இருபது"ன்னார் மாமனார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்!

"மாமா, பெருக்கலைத்தானே முதல்ல..."

"இருபதுதான் அத்தான்"ன்னான் மச்சினன். பேங்க்ல வேலை பாக்குறவன். நல்ல வேளை, நம்ம பணம் அந்த பேங்க்ல இல்லைன்னு நெனச்சுக்கிட்டான் மாப்பிள்ளை.

"இதுகூடவா தெரியாது? இருபது"ன்னாங்க மாமியார், வெங்காயம் உரிச்சுக்கிட்டே.

கடைசி நம்பிக்கையா பொண்டாட்டியைப் பாத்தான். அவ ஸ்கூல்ல கணக்கு டீச்சர்.

"இருபதுங்க"ன்னு சொல்லி அவன் கால் கட்டைவிரலை நச்சுன்னு மிதிச்சா.

தலை கிறுகிறுன்னுச்சு. போனைத் தட்டினான். பதினாலு. அப்பாடா! பையில இருந்த கம்பெனி கால்குலேட்டரையும் தட்டினான்.

இருபது.

"அட, நீயும் இந்த வீட்டு ஆளா?"ன்னு, தட்டின வரிசையிலேயே கணக்குப் போடுற அந்த சாதா மெஷினை முறைச்சான்.

பொண்டாட்டி அவனைச் சமையக்கட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனா.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவுக்குத் தலையில ஆபரேஷன் ஆச்சுல்ல, அதுக்கப்புறம் எதை முதல்ல செய்யணும்ங்கிறதே மறந்துபோச்சு. சட்டையைப் போட்டு அதுக்கு மேல பனியனைப் போட்டுக்குவாரு. கணக்கும் அப்படித்தான். ஒரு நாள் தப்புன்னு சொல்லிட்டேன். அப்புறம் பல நாள் வாயே திறக்கல. டாக்டர் அவரைப் பேச வைக்கச் சொன்னாரு. அதான், சாயங்காலமானா எல்லாரும் சுத்தி உக்காந்து இருபதுங்கிறோம்."

"சாயங்காலம் எப்பவும் இப்படிக் கூடி உக்காருறதுதானே?"

"இந்த வீட்டுலயா? முன்னல்லாம் ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு போன்."

மாப்பிள்ளை கால்குலேட்டரைப் பையில போட்டுக்கிட்டான். கூடத்துக்குப் போனான்.

"இருபதுதான் மாமா. நான்தான் குழம்பிட்டேன்."

எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. சாப்பிட எந்திரிச்சுப் போனாங்க.

மாப்பிள்ளையும் அவங்க பின்னால கிளம்பினான். மாமனார் கையைப் பிடிச்சு நிறுத்தினார். கிட்டத்துல பாத்தப்பதான் கவனிச்சான். பனியன் சட்டைக்குள்ளதான் இருந்துச்சு.

"பதினாலுதான் மாப்ளே"ன்னார் மெதுவா. "எனக்கு எப்பவோ சரியாயிடுச்சு."

மாப்பிள்ளைக்கு மறுபடியும் தலை சுத்துச்சு. "அப்புறம் ஏன் மாமா அவங்ககிட்டச் சொல்லல?"

கூடத்துல தன்னைச் சுத்தி வட்டமா கெடந்த நாற்காலிகளைக் காட்டினார் மாமனார்.

"சொல்லிட்டா, நாளைக்கு இதெல்லாம் அந்தந்த ரூமுக்குப் போயிடும் மாப்ளே."