ஒன்பதாம் நம்பர்

காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி மலையேறும் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்கிறது. மேலிருந்து பலாப்பழ லாரி மெல்ல இறங்குகிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நுழையும் மாலை வெயில் பெருமாயியின் வெறும் பாதங்களில் விழுகிறது. "செருப்பு எங்க புள்ள?" என்கிறார் கணவர் செங்கோட்டையன். "ரெண்டாவது மியூசியத்து வாசல்லயே உட்டுட்டேனுங்க." காலையிலிருந்து பார்த்த இரண்டு போர் அருங்காட்சியகங்களிலும், கோயிலுக்குள் போவதுபோல் இவர்கள் இருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார்கள். திங்கட்கிழமை ராணுவத்தில் சேரப்போகும் மகன் ஓம்பிரகாஷ்தான் ஆசையாக அழைத்துப்போனான். இப்போது பக்கத்து நீள இருக்கையில் படுத்துத் தூங்குகிறான். அவனுடைய ஷூவின் அடிப்பக்கம், அதில் பொறித்த 9 என்ற அளவு எண்ணோடு, பெருமாயியின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பஸ் நம்பர் பார்த்துப் பழகியதில் எண் மட்டும் தெரியும். "ஏனுங்க, அங்க கண்ணாடிப் பொட்டியில ஒத்தப் பூட்சு சாஞ்சு கெடந்துச்சே, அதுலயும் ஒம்பதுதான் போட்டிருந்துச்சு." செங்கோட்டையன் ஷூவைப் பார்க்கிறார். பிறகு ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். லாரி கடந்து போய்விட்டது. பெருமாயி எழுந்து, மகன் விழித்துவிடாதபடி ஷூக் கயிற்றை அவிழ்க்கிறாள். "ஊடு இன்னும் தூரமிருக்குது, அதுக்குள்ள எதுக்குக் கழட்டுற?" "இருக்கட்டுங்க." இரண்டையும் மடியில் கவிழ்த்து வைத்து, எண்களின் மேல் உள்ளங்கைகளைப் பொத்திக்கொள்கிறாள். பஸ் அடுத்த வளைவில் திரும்புகிறது.