நில் என்ற சொல்

பனிக்காலம் ஆரவாரமின்றி வருவது. மழை தன் வரவை முழங்கி அறிவிக்கும். கோடை தன் சினத்தைச் சுவரெல்லாம் காய்ச்சிக் காட்டும். பனியோ வெண்துகில்போல் மெல்ல இறங்கி, அண்மையையும் சேய்மையையும் ஒன்றாக்கி, கண்ணுடையாரையும் செவி ஒன்றையே நம்பி நிற்கச் செய்துவிடும்.

அத்தகைய ஒரு காலையில், விமான நிலையத்து விசாரணை அறையில், கேப்டன் தம் மகளுக்கு அடுத்திருந்த நாற்காலியைத் தவிர்த்துச் சுவரோரம் போய் அமர்ந்தார். தந்தையும் மகளும் ஒரே தொழில்; ஒரே வெண்ணிறச் சீருடை. அவர் தோளில் பொன்னிறப் பட்டைகள் மின்னின. விசாரணை முடியும்வரை பட்டைகள் கழற்றப்பட்டதால் அவள் தோள் வெறுமையாய் இருந்தது.

"இங்க வாங்க சார், இடம் இருக்கு" என்றார் விசாரணை அதிகாரியான அம்மையார்.

"பரவால்லம்மா. நான் சாட்சியா வந்திருக்கேன், அப்பாவா வரல."

மகள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

சென்ற வாரம், இதே போன்றதொரு பனியில், கேப்டனின் விமானம் தரையிறங்கி ஓடுபாதையை விட்டு விலகியது. உடனே, ஓரத்தில் காத்திருந்த மகளின் விமானத்துக்கு அப்பாதையைக் குறுக்கே கடக்க அனுமதி கிடைத்தது. அவள் நகரத் தொடங்கிய பிறகுதான், அடுத்துத் தரையிறங்கவிருந்த விமானம் எதிர்பார்த்ததைவிட விரைந்து நெருங்கிவிட்டதைக் கட்டுப்பாட்டு அலுவலர் கோபுரத்திலிருந்து உணர்ந்தார். "நில்" என்று அவளுக்கு ஆணையிட்டார். அவள் நிற்கவில்லை.

இறங்கவிருந்த விமானம் கடைசி நொடியில் மேலெழும்பி, அவள் தலைக்கு மேலாகப் பறந்து போனது. உயிர்கள் பிழைத்தது இறையருள். அவள் இனி விமானம் ஓட்டலாமா, கூடாதா என்பது இன்று முடிவாகும்.

அதிகாரி கோபுரத்தின் ஒலிப்பதிவை இயக்கினார். "நில்லுங்க! அங்கயே நில்லுங்க!" ஐயத்துக்கு இடமின்றி, கண்ணாடிபோல் தெளிவாக ஒலித்தது அந்த ஆணை.

"எனக்குக் கேக்கலப்பா" என்றாள் மகள்.

"கேக்கலன்னு சொல்லாத. கவனிக்கலன்னு சொல்லு." கேப்டன் குரலை உயர்த்தினார். "ஆயுசு முழுக்கச் சேத்து வச்ச பேரு. கேன்டீன்ல டீ ஊத்துறவன்கூட இப்ப என்னைப் பாத்து உச்சுக் கொட்டுறான். வெளிய தல காட்ட முடியல."

சாட்சியாக வந்து எதிரே அமர்ந்திருந்த கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனம் பொறுக்கவில்லை. "விடுங்க சார். பாவம், புள்ளையும் எவ்வளவுதான் தாங்கும்? நாங்க உங்களுக்குச் சாமியார்னு பட்டப்பேரு வச்சிருக்கோம், உங்களுக்கே தெரியும். இறங்கினதும் நீங்க சொல்ற ஆசி காதுல விழுந்தாத்தான் கோபுரத்துல எங்களுக்குப் பொழுதே விடியும். அன்னிக்கு அதையும் காணோம். அதான் நாளே சரியில்லாமப் போச்சு."

"மறப்பேனா நான்? வழக்கம்போலச் சொல்லிட்டுத்தான் போனேன். நீங்க இருந்த பதற்றத்துல உங்க காதுல விழுந்திருக்காது." சற்றே புண்பட்டவராய்ச் சொல்லிவிட்டு, அவர் மீண்டும் மகளிடம் திரும்பினார். "பேச்ச மாத்த வேண்டாம். உனக்கு ஏன் கேக்கல?"

"ஏதோ சத்தம் வந்துச்சுப்பா. கிறீச்சுன்னு. நில்லுன்னு எதுவும் கேக்கல."

"சத்தமாம் சத்தம்! அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டன அழுத்திப் பேசினா, கேக்குறவங்களுக்கு வெறும் கிறீச்சுதான். பேசுன ரெண்டு பேருக்கும் அது தெரியவே தெரியாது. அப்படி எவனாவது மூளையில்லாம நடுவுல வாயத் தொறந்திருந்தா, உன் மேல தப்பில்லன்னு நானே கையெழுத்துப் போடுறேன். எவன் தொறந்தான்? சொல்லு!"

அவளுக்குத் தெரியவில்லை.

"சண்ட போடாதீங்க சார்" என்றார் அம்மையார். "உங்க பொண்ணு ஓட்டின விமானத்தோட காக்பிட் பதிவு இப்பத்தான் வந்திருக்கு. அவங்க காதுல என்ன விழுந்துச்சோ, அது அப்படியே இதுல இருக்கும்."

கேப்டன் எழுந்து சன்னலருகே போய், எல்லோருக்கும் முதுகு காட்டி நின்றார். வெளியே பனி இன்னும் விலகவில்லை. மகளை இத்தனை நேரம் சுட்ட நாவு இப்போது அவளுக்காக வேண்டிக்கொண்டது. பிறர் காணாதவாறு, நெஞ்சோடு நெருக்கிக் கைகூப்பினார்.

'பெருமானே, எவனோ ஒருவன் பேசியிருக்கட்டும். அவன் எவனாயினும் ஆகுக. பழி அவனைச் சேரட்டும். என் குழந்தை மீளட்டும்.'

அம்மையார் விசையை அழுத்தினார்.

"நில்" என்னும் சொல் எழ வேண்டிய இடத்தில் காதைக் கிழிக்கும் கிறீச்சொலி ஒன்று எழுந்தது. அவள் பொய் சொல்லவில்லை. கேப்டனின் கண்களில் நீர் திரண்டது. கூப்பிய கை இன்னும் இறுகியது.

அலுவலரின் ஆணை குறுகியது. அது முடிந்ததும் கிறீச்சொலி அறுந்தது. குறுக்கிட்ட குரலோ இன்னும் முடித்திருக்கவில்லை. அதன் எஞ்சிய வார்த்தைகள் கனிந்து, குழைந்து, அறை முழுதும் நிறைந்தன. மகள்தான் முதலில் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள்.

"...எல்லாரும் நல்லா இருங்கப்பா."